எலுமிச்சையில் கரையாத உப்பு

ஜூரோங்கில் மிளகாய் சாஸ் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பதினான்கு வருடமாக எனக்கு ஒரே அறை. வெயிங் ரூம் என்பார்கள், எடை போடும் அறை. மிளகாயும் பூண்டும் சர்க்கரையும் வேகும் பெரிய ஸ்டீல் தொட்டிகள் அடுத்த கூடத்தில் இருக்கின்றன. அந்தச் சத்தமும் சூடும் சுவருக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஒரு தராசு, நாலைந்து வாளி, ஒரு நீளக் கரண்டி, மூட்டை மூட்டையாகப் பொடிகள். எந்தத் தொட்டிக்கு எது எவ்வளவு என்று தாளில் எழுதி வரும். நான் நிறுத்துக் கரைத்துக் கொடுப்பேன். படிப்பு அதிகம் இல்லாதவனுக்கு முருகன் கொடுத்த வேலை. குறை சொல்ல மாட்டேன்.

அந்தப் பொடிகளில் ஒன்று சோடியம் பென்சோயேட். பெயர்தான் பெரிது. பார்த்தால் சாதாரண வெள்ளை உப்பு, ஜவ்வரிசியைவிடச் சின்ன மணிகள். மணம் கிடையாது. மூட்டையைப் பிரிக்கும்போது எழும் தூசு தொண்டையில் பட்டால் இருமல் வரும் என்பதால் முகமூடி போட்டுக்கொள்வோம். ஒரு தொட்டி முழுவதற்கும் போவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் இருந்தால் பூசணம் பிடிக்காது, சாஸ் நுரைத்துப் புளித்துப் போகாது. ஜாம், ஊறுகாய், கலர் தண்ணீர், இருமல் மருந்து என்று எதை எடுத்தாலும் பின்பக்கத்தில் 211 என்று ஓர் எண் இருக்கும். அது இதுதான். கார் ரேடியேட்டரில் துருப் பிடிக்காமல் இருக்கவும் இதைச் சேர்ப்பார்கள் என்று லாரி ஓட்டும் நண்பர் சொன்னார். வானத்தில் விசிலடித்துக்கொண்டு ஏறும் வாணத்துக்குள்ளும் இது உண்டாம். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. மூட்டையில் அடங்கிக் கிடக்கும்போது இதற்கு இவ்வளவு ஊர் சுற்றும் ஆசை இருப்பது தெரியவில்லை.

இதற்கு ஒரு குணம் உண்டு. புளிப்புள்ள பண்டத்தில்தான் இது வேலை செய்யும். ஆனால் புளிப்பில் நேராகக் கொட்டினால் கரையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் இதைத் தெரிந்துகொண்டேன். அவசரத்தில் பச்சைத் தண்ணீரில் கரைக்காமல் வினிகர் வாளியிலேயே மொத்தத்தையும் போட்டுக் கிண்டிவிட்டேன். வாளி முழுக்க வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. பிறகு மெல்ல அடியில் போய்ப் படிந்தன.

எங்கள் சூப்பர்வைசர் மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர். வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, உள்ள பனி பெய்யுது?"

"வினிகரும் இதுவும் ஒண்ணா போகணும்னு தாள்ல இருந்துச்சுண்ணே."

"ஒண்ணாதான் போகணும். ஆனா யாரு முன்னாடி, யாரு பின்னாடின்னு இருக்குலா. மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடியே பந்தி போட்டுட்டே நீ." வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தார். "முதல்ல தண்ணில கரை. மெதுவா தொட்டில ஊத்து. கிண்டிக்கிட்டே இரு. வினிகர் கடைசி. சாமி கும்பிடும்போதுகூட இதைச் சொல்லிக்க."

சாமி கும்பிடும்போது சொல்லவில்லை. மற்றபடி பதினான்கு வருடமாகக் கை தானாக அப்படித்தான் செய்கிறது.

வீட்டில் இந்த உப்புக்கு மரியாதை இல்லை. நான்தான் அப்படிச் செய்து வைத்தேன். கல்யாணமான புதிதில் வேலையில் பார்த்ததையெல்லாம் மனைவியிடம் வந்து சொல்வேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். கடையில் ஒரு பாட்டிலை எடுத்தால் முன்பக்கத்தைப் பார்க்க மாட்டாள், திருப்பித்தான் பார்ப்பாள். 211 இருந்தால் திரும்பவும் தட்டிலேயே வைத்துவிடுவாள். தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுக்கும் சாஸ் பாட்டில்கள் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. குவீன்ஸ்டவுனில் எங்கள் மாடியில் இருக்கிற எல்லா வீட்டிலும் எங்கள் கம்பெனி சாஸ் இருக்கும், எங்கள் வீட்டைத் தவிர.

"நீங்க போட்ட மருந்து உங்களுக்கே வேணாமா?" என்று பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கேலி செய்வார்.

"அவர் போடுறதாலதான் வேணாம்கிறேன்" என்பாள் மனைவி.

எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் கூச்சம் இருந்தது. ஊரார் சாப்பாட்டில் மருந்து கலக்கும் வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அரசாங்கம் அளவு வைத்திருக்கிறது, அதைத் தாண்டி ஒரு கரண்டிகூடப் போட்டதில்லை. ஆனாலும் கூச்சம் இருந்தது.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். அந்த ஒன்பது வருடமும் கார்த்திகைக்குக் கார்த்திகை இருவரும் விரதம் இருந்தோம். சிராங்கூன் சாலைக் கோயிலில் ஐயருக்கு எங்கள் நட்சத்திரம் மனப்பாடமாகிவிட்டது, அர்ச்சனைச் சீட்டைக்கூடப் பார்க்க மாட்டார். பிள்ளையை முதன்முதலாகக் கொண்டுபோனபோது அவரே கொடிமரம் வரை வந்து பார்த்தார்.

எட்டு மாதம் வரை குறையில்லை. பருப்புச் சாதம் பிசைந்து ஊட்ட ஆரம்பித்த பிறகுதான் மாற்றம் வந்தது. சாப்பிட்டால் வாந்தி எடுத்தாள். தயிரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாப்பிட்ட பிறகு சோர்ந்து சோர்ந்து தூங்கினாள். பல் முளைப்பதால் என்று நினைத்தோம். ஒரு நாள் மத்தியானம் எழுப்ப எழுப்ப எழவில்லை. கண்ணைத் திறந்தாள், ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. அந்தப் பார்வையை எழுத என்னால் முடியாது. டாக்ஸியில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை மனைவி "முருகா" என்ற ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். அவரும் தமிழ்ப் பெண்தான், பொறுமையானவர். பருப்பிலும் பாலிலும் இருக்கும் புரதம் உடம்பில் செரிக்கும்போது அம்மோனியா என்ற கழிவு வரும். எல்லோருக்கும் வருவதுதான். கல்லீரல் அதைப் பிடித்துச் சிறுநீரில் அனுப்பிவிடும். எங்கள் மகளுக்குக் கல்லீரலில் அந்த வேலையைச் செய்யும் பொருள் பிறவியிலேயே குறைவு. புரதம் கூடினாலும், காய்ச்சலில் பட்டினி கிடந்தாலும் கழிவு இரத்தத்தில் ஏறும்.

"ஏறினா நேரா மூளையைத்தான் தொடும்" என்றார். "இந்தத் தடவை நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க. ஆனா ஏற ஏற மூளைக்குச் சேதம். பேச்சு லேட்டாகலாம். வந்த பேச்சும் போகலாம். அதனால ஏறவே விடக்கூடாது. சாப்பாட்டை அளந்து கொடுக்கணும். மருந்தை ஒரு வேளைகூடத் தவற விடக்கூடாது."

மருந்தின் பெயரைச் சொன்னார். சோடியம் பென்சோயேட்.

"டாக்டர், டூ லெவனா? அந்த 211?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க கெமிஸ்ட்டா?"

"இல்ல டாக்டர். சாஸ் கம்பெனில இருக்கேன். டெய்லி நிறுத்துப் போடுறது."

அவர் சிரித்தார், கேலியாக இல்லை. "அதே பொருள்தான். ஆனா இது மருந்துக்குன்னு சுத்தமா செஞ்சது, உங்க பொண்ணு எடைக்கு அளந்து கொடுக்கிறது. உங்க மூட்டைல இருந்து எடுத்துட்டு வந்துடாதீங்க." கல்லீரல் செய்யாத வேலையை இது வேறு வழியில் செய்யும் என்றும், வெளியேற வேண்டியதைத் தன்னோடு ஒட்டிக்கொண்டு சிறுநீரில் இறங்கிவிடும் என்றும் விளக்கினார்.

வெளியே நடைவழியில் மனைவி நின்றுவிட்டாள். "ஏங்க, உண்மையா அதேதானா?"

"அதேதான்."

"நான் கடைல தூக்கித் தூக்கி வைப்பேனே, அதுவா?"

நான் தலையாட்டினேன்.

நான் லீவு கேட்கப் போனபோது, எங்கள் கம்பெனியில் தரம் பார்க்கும் மலாய்ப் பெண்மணி காரணம் கேட்டார். சொன்னேன். அவர்தான் ஒரு சேதி சொன்னார். அந்தக் காலத்தில் இந்த உப்பின் மூலத்தைக் கெமெஞான் பிசினிலிருந்து எடுத்தார்களாம். "நீங்க வெள்ளிக்கிழமை வீட்டுல புகை போடுவீங்களே, அதுதான்" என்றார். சாம்பிராணி. இப்போது தொழிற்சாலையில் வேறு விதமாகச் செய்கிறார்கள், ஆனால் பெயர் அந்தப் பிசினிலிருந்து வந்ததுதான்.

இதை மனைவியிடம் சொன்னேன். மறுநாள் முதல் மருந்துப் பொட்டலங்களைச் சாமி தட்டில் வைத்து எடுத்துத்தான் பிரிப்பாள். நானும் பிள்ளை பெயரில் பால்குடம் நேர்ந்துகொண்டேன்.

"பாலே ஆகாத பிள்ளைக்குப் பால்குடமா?" என்றாள்.

"அவ குடிக்க வேண்டிய பாலையும் அவரே குடிச்சுக்கட்டும்" என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

அதன் பிறகு ஒரு வருடம் ஓடியது. சாதம், காய், கிழங்கு, டாக்டர் கொடுத்த அளந்த பால் மாவு, நாளுக்கு நாலு வேளை மருந்து. பிள்ளை நடந்தாள், ஓடினாள். பேச்சுதான் வரவில்லை. ஒன்றே முக்கால் வயதில் அவளிடம் இருந்தவை நாலு சொற்கள்: அப்பா, மா, பூ, போ. அந்த நாலையும் நாங்கள் தினமும் ஒரு தடவை சொல்லவைத்துப் பார்ப்போம். நாலும் இருக்கிறதா என்று பார்க்கத்தான். வேறு வீடுகளில் பிள்ளை புதுச் சொல் சொன்னதா என்று பார்ப்பார்கள். நாங்கள் பழையது போகாமல் இருக்கிறதா என்று பார்த்தோம்.

சின்னக் குழந்தையாக இருந்தவரை மருந்தை வாயில் விட்டால் விழுங்கிவிடுவாள். விவரம் வந்த பிறகு துப்ப ஆரம்பித்தாள். ஊசி இல்லாத சிரிஞ்சைக் கையில் எடுத்தாலே வாயை இறுக்கிக்கொள்வாள். பாதி சட்டையில் போகும். போனது எவ்வளவு, உள்ளே இறங்கியது எவ்வளவு என்று தெரியாமல் மனைவி தவித்தாள். கிளினிக்கில் நர்ஸிடம் கேட்டோம். "ஜூஸ்ல கலந்து கொடுக்கலாமே" என்றார்.

எங்கள் வீட்டில் ஜூஸ் என்றால் எலுமிச்சைதான். வேறு எதையும் நாங்கள் பிழிந்ததில்லை. பிள்ளைக்கும் அது பிடிக்கும், அம்மாவின் தம்ளரைப் பிடுங்கிக் குடிப்பாள். தேக்கா சந்தையில் நல்ல சாறுள்ள எலுமிச்சையாகத் தேர்ந்தெடுத்து வாங்கிவந்தேன். வேலைக்குக் கிளம்புமுன் தினமும் நானே பிழிந்து வைத்துவிட்டுப் போவேன். மனைவி சர்க்கரை போட்டு, அந்த நாளுக்கான நாலு பொட்டலத்தையும் அதிலேயே கலந்து, ஒரு பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைப்பாள். வேளைக்கு வேளை எடுத்துக் கொடுப்பாள். பிள்ளை சிரிஞ்சைப் பிடுங்கிச் சப்பினாள். ஒரு சொட்டுகூடத் துப்பவில்லை. "இத்தனை நாள் இது தோணாம போச்சே" என்று மனைவி ரொம்பச் சந்தோஷப்பட்டாள். வீட்டில் அந்த மூன்று வாரமும் அழுகைச் சத்தமே இல்லை.

மூன்றாவது வாரக் கடைசியில் இரத்தம் சோதித்தார்கள். அம்மோனியா ஏறியிருந்தது.

டாக்டர் முகத்தை மாற்றாமல்தான் கேட்டார். மருந்து ஒழுங்காகக் கொடுக்கிறோமா, காய்ச்சல் ஏதாவது வந்ததா, சாப்பாட்டில் எதுவும் கூடியதா. மனைவி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு வேளைகூட விடவில்லை என்றாள். அடுத்த வாரம் திரும்பச் சோதிப்போம், அப்போதும் ஏறியிருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். பிள்ளையை மடியில் வைத்து, "உன் பேர் என்னம்மா? இது என்ன?" என்று பொம்மையைக் காட்டினார். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. பூவைக் காட்டியும் பூ என்று சொல்லவில்லை.

வீட்டுக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். மேல் தட்டில் முன் சீட்டில் பிள்ளை தூங்கிவிட்டாள். நான் மனைவியிடம் மெதுவாகத்தான் கேட்டேன்.

"பருப்புத் தண்ணி ஏதாவது கொடுத்தியா? ஏங்குறாளேன்னு மனசு கேக்காம..."

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்களுமா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குற கேள்வியா அது?"

அன்றைக்கும் அதற்கு மறுநாளும் எனக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. இத்தனை வருடக் குடும்பத்தில் அவளிடம் நான் கேட்ட கேள்விகளில், திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமானால் எடுத்துக்கொள்வேன் என்று நினைப்பது அது ஒன்றைத்தான்.

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. பூசை முடித்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். பத்து மணி மருந்துக்கு மனைவி பாட்டிலை எடுத்து, டீ வடிகட்டியில் ஊற்றி வடித்துக்கொண்டிருந்தாள். வடித்ததைச் சிரிஞ்சில் இழுத்தாள். வடிகட்டியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் தட்டினாள். அதிலிருந்து வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது.

"என்ன அது?"

அவள் முகம் திருப்பாமல் சொன்னாள். "எலுமிச்சைச் சக்கை. சிரிஞ்ச் அடைச்சுக்குது. அதான் டெய்லி வடிக்கிறேன்."

தொட்டியருகே போய்க் குனிந்து பார்த்தேன். சக்கை அப்படி வெள்ளையாக இருக்காது. ஜன்னல் வெளிச்சத்தில் அது மின்னியது. சின்னச் சின்னச் செதில்கள். விரலில் எடுத்துத் தேய்த்தேன், வழுவழுவென்று இருந்தது. அந்தச் செதில்களை எனக்குத் தெரியும்.

"கொடுக்காதே" என்றேன். "ஒரு நிமிஷம். ஒரு பொட்டலம் கொடு."

ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்தேன். பொட்டலத்தைப் பிரித்துப் போட்டேன். ஒரு கிண்டு கிண்டியதும் கரைந்து தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. அதில் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்தேன். தம்ளர் முழுவதும் வெள்ளையாகத் திரண்டது. பிறகு துணுக்குத் துணுக்காக அடியில் இறங்கியது. இருவரும் ஜன்னலருகே நின்று பார்த்தோம். அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை.

"அப்போ நான் வடிகட்டிக் கீழ கொட்டினது..."

"மருந்து. மிச்சம் கொஞ்சம்தான் உள்ள போயிருக்கு."

அவள் அப்படியே அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "என் கையாலேயே செஞ்சிருக்கேன். மூணு வாரமா. அது சிரிச்சுக்கிட்டே குடிச்சுச்சுங்க."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உன் கை இல்ல. எலுமிச்சையை டெய்லி பிழிஞ்சு வச்சது யாரு? பதினாலு வருஷமா இதைத்தானே செய்றேன். புளிப்புல நேரா போடாதேன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். நம்ம வீட்டு உப்பும் அதே உப்புதான்னு எனக்குத் தோணலையே."

உண்மையாகவே தோன்றவில்லை. கம்பெனியில் இருப்பது சரக்கு, வீட்டில் இருப்பது சாமி தட்டில் வைத்து எடுத்த மருந்து. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க என் மனம் ஒருநாளும் போகவில்லை. டாக்டர் அதே பொருள்தான் என்று சொன்னதை நான்தான் மனைவிக்கு உறுதியாகச் சொன்னேன். சொன்னவனுக்கே உறைக்கவில்லை.

"பஸ்ல கேட்டேன்ல" என்றேன். "அதை மறந்துடு."

"மறக்க மாட்டேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "முதல்ல அந்தப் பத்து மணி மருந்தைத் தண்ணில கலக்குங்க. மணி பத்தேகால் ஆச்சு."

கலந்து கொடுத்தோம். பிள்ளை துப்பினாள். பாதியாவது போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இதைப் போய்ச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. அவர்கள் படித்தவர்கள். சாஸ் கிண்டுகிறவன் வந்து மருந்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறான் என்று நினைப்பார்களோ என்று பயம். பாட்டிலையும் வடிகட்டியையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு அன்றே போனேன். சாளரத்தில் இருந்தது ஒரு சீனப் பெண், சின்ன வயது. பாட்டிலை எடுத்துக் காட்டினேன். என் ஆங்கிலத்தில் சொன்னேன். "சர், திஸ் அண்ட் சவர், கம் பேக் ஒயிட்." புளிப்போடு சேர்ந்தால் திரும்ப வெள்ளையாகிவிடுகிறது என்று அர்த்தம். பதற்றத்தில் பெண்ணைப் போய் சர் என்று சொல்லிவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. பாட்டிலை விளக்கில் தூக்கிப் பார்த்தாள், உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தாள். இருவரும் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து படித்தார்கள். "அங்கிள், யூ ஆர் ரைட்" என்றாள். ஜூஸ் என்றால் இவ்வளவு புளிப்பான ஜூஸ் கூடாது, அதுவும் முன்கூட்டியே கலந்து குளிரில் வைக்கக் கூடாது, அந்தந்த வேளைக்குத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும் என்றாள். நர்ஸுக்கும் டாக்டருக்கும் தானே சொல்வதாகச் சொன்னாள். டாக்டர் அன்று மாலையே தொலைபேசியில் பேசினார். பிள்ளை எப்படி இருக்கிறாள், முழித்துக்கொண்டிருக்கிறாளா, வாந்தி உண்டா என்று கேட்டார். இருந்தால் உடனே கொண்டுவரச் சொன்னார். இல்லாவிட்டால் மருந்தை முறையாகக் கொடுத்துப் புதன்கிழமை சோதிப்போம் என்றார்.

ஆக, எங்களிடம் நாலு நாள் இருந்தது. ஆனால் அவள் வாயைத் திறக்க வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒன்று கவனித்தேன். மனைவி மருந்தைக் கரைத்ததும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். பிள்ளைக்கு எது கொடுத்தாலும் அவளுக்கு அந்தப் பழக்கம். வைத்ததும் முகம் கோணும், தோள் ஒரு தடவை குலுங்கும். பிறகுதான் சிரித்துக்கொண்டே பிள்ளையைக் கூப்பிடுவாள். பிள்ளை முதலில் வந்த முகத்தைத்தான் பார்க்கிறாள்.

"அவ்வளவு கசப்பா?"

"வேப்பெண்ணெய் மாதிரி. நீங்க வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தேன். எனக்குக் கசக்கவில்லை. கொஞ்சம் உப்பு, கடைசியில் லேசான தித்திப்பு. அவள் நம்பவில்லை, என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு கம்பெனியில் அந்த மலாய்ப் பெண்மணியிடம் கேட்டபோது இது இப்படித்தான் என்றார். இந்த உப்பு ஒருவர் நாக்கில் தித்திக்கும், இன்னொருவர் நாக்கில் கசக்கும்.

அன்றிலிருந்து மருந்து கொடுப்பது என் வேலையானது. ஒரு வாரம் பகல் ஷிப்டை இரவுக்கு மாற்றிக்கொண்டேன். சூப்பர்வைசர் அண்ணன், "போ தம்பி, தொட்டி எங்கயும் ஓடிடாது" என்றார். பிள்ளை எதிரே உட்காருவேன். முதல் சொட்டு என் நாக்கில். ஒன்றும் ஆகாதது மாதிரி இருப்பேன், உண்மையிலேயே ஒன்றும் ஆகாது. அவள் என் வாயையே பார்ப்பாள். பிறகு தன் வாயைக் கோழிக்குஞ்சு மாதிரி திறப்பாள். விழுங்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள், ஆனால் துப்பவில்லை. உடனே ஒரு வாய் தண்ணீர். அந்த நேரத்தில் மனைவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், தன் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று. ஒவ்வொரு வேளையும் "போயிருச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "போயிருச்சு" என்பேன். "முழுசா?" "முழுசா."

புதன்கிழமை இரத்தம் எடுத்தார்கள். மறுநாள் மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன், மனைவி என் முன்னால் வந்து நின்றாள். அவர் சொன்ன எண் என் காதில் ஏறவில்லை. "நல்லா இறங்கியிருக்கு, அட்மிஷன் வேண்டாம்" என்றது மட்டும் ஏறியது.

"இறங்கிருச்சாம்" என்றேன்.

அவள் சாமி தட்டுப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி மருந்துக்கு நேரம்.

"இன்னைக்கி நான் கொடுக்கிறேன்" என்றாள். "எத்தனை நாளைக்கு நீங்க ஷிப்டை மாத்திக்கிட்டு இருப்பீங்க?"

தண்ணீரில் கரைத்தாள். பிள்ளை முன் உட்கார்ந்தாள். ஒரு சொட்டைத் தன் நாக்கில் வைத்தாள். முகம் கோணவில்லை. கண் மட்டும் கலங்கியது. கைவிரல்கள் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தன. பிள்ளை அவளை உற்றுப் பார்த்தாள், பிறகு வாயைத் திறந்தாள். சிரிஞ்ச் காலியானது. விழுங்கினாள். கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள்.

"கசக்குதும்மா" என்றாள்.

அந்தச் சொல்லை நாங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. சொல்லக் கூடாது என்று கவனமாக இருந்தோம். கதவுக்குப் பின்னாலிருந்தோ சமையலறையிலிருந்தோ எங்கள் பேச்சில் எடுத்து வைத்திருக்கிறாள். எத்தனை நாளாக என்று தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நாலு நாளாகக் கசப்பைத்தான் குடித்திருக்கிறாள்.

"ஆமாம்டா, கசக்கும்" என்றாள் மனைவி. "அம்மாவுக்கும் கசக்கும்."

பிள்ளை அவள் வாயைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "தண்ணி" என்றாள்.

நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.